கடல் மேகங்களின் கணக்கு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் அண்மையில் மேகங்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை என் பேத்தி பள்ளித் திட்டப்பணிக்காகக் கத்தரித்து வைத்திருந்தாள். எளிய நடையில், நல்ல படங்களோடு அமைந்திருந்த அந்தக் கட்டுரையில், வெயில் ஏறும்போது மேகம் திரளும் என்றும், பொழுது சாய்ந்து வெப்பம் தணிந்ததும் அது கலைந்துவிடும் என்றும், நிலமானாலும் கடலானாலும் இதுவே விதி என்றும் எழுதப்பட்டிருந்தது. நிலத்துக்கு அது பெரும்பாலும் பொருந்தும். கோலாலம்பூரில் மாலை நாலு மணிக்குக் குடையில்லாமல் மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தைவிட்டு வெளியே வந்து நின்றவர்கள் யாரும் அதை மறுக்க மாட்டார்கள். கடலுக்கு அது பொருந்தாது. நடுக்கடலில், அதிலும் நீர்மட்டத்திலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்குள்ளேயே படர்ந்து கிடக்கும் தாழ் மேகங்களின் விஷயத்தில், நடப்பது ஏறத்தாழ நேர்மாறு. அவை இரவில் தடித்து, விடியலை ஒட்டி உச்சத்தை எட்டி, வெயில் ஏற ஏற மெலிந்து, பிற்பகலில் மிகக் குறைந்த அளவுக்கு வந்துவிடுகின்றன. பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் பக்கம் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் தாங்கள் சுருக்கிக்கொள்ளலாம்.

நான் சரக்குக் கப்பல்களில் பணிபுரிந்து ஓய்வுபெற்றவன். இரண்டாம் அதிகாரியாக இருந்த காலத்தில், நள்ளிரவு 12 முதல் 4 வரையும், பகல் 12 முதல் 4 வரையும் கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜில் காவல், அதாவது வாட்ச், நிற்பது என் பொறுப்பு. உலகெங்கும் பல வணிகக் கப்பல்கள் தாமாக முன்வந்து வானிலைக் குறிப்பு அனுப்புகின்றன என்பது வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. கிரீனிச் நேரப்படி 0, 6, 12, 18 ஆகிய நான்கு வேளைகளில் காற்றின் வேகம், அலையின் உயரம், காற்றழுத்தம், கடல்நீரின் வெப்பநிலை, மேகத்தின் அளவு, வகை ஆகியவற்றை அதிகாரிகள் பார்த்துக் குறியீட்டு எண்களாக எழுதி அனுப்புவார்கள். மேகத்தின் அளவைச் சொல்ல வானத்தை எட்டுப் பங்காக வைத்துக்கொள்ள வேண்டும்; ஒரு பங்குக்கு ஒக்டா என்று பெயர். தாழ் மேகத்தின் வகைக்குத் தனியே ஓர் எண் உண்டு. பெரு, சிலி நாடுகளின் கரைக்கு அப்பால் போகும்போது அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் 5 என்ற எண்தான் விழும். தாழ்வாகப் பாய்போல் விரியும் படைத்திரள் மேகத்துக்குரிய (ஸ்ட்ரேட்டோகியூமுலஸ்) எண் அது. பெருவின் நேரம் கிரீனிச்சுக்கு ஐந்து மணி பின்தங்கியிருப்பதால், கிரீனிச் 6 மணிக் குறிப்பு அங்கே நள்ளிரவு தாண்டி ஒரு மணி. 18 மணிக் குறிப்பு பகல் ஒரு மணி. இரண்டுமே இரண்டாம் அதிகாரியின் வாட்சில் விழுபவை. இரவுக் குறிப்பில் எட்டுக்கு எட்டு என்று எழுதிய அதே கை, மறுநாள் பகல் குறிப்பில் ஆறு, ஐந்து, கரையைவிட்டு வெகுதூரம் விலகிவிட்டால் சில நாள் நாலு என்று எழுதும். கட்டுரையாசிரியர் சொல்லும் விதிப்படி இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

இந்தப் படைத்திரள் மேகங்கள் ஏதோ ஒரு மூலையில் நடக்கும் விதிவிலக்கு என்றும் தள்ளிவிட முடியாது. ஆண்டுச் சராசரியில் உலகக் கடற்பரப்பின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இவற்றால் மூடப்பட்டிருக்கிறது. இவை மிக அடர்த்தியாகத் தங்குவது கண்டங்களின் மேற்குக் கரையை ஒட்டிய கடல்களில்: கலிபோர்னியாவுக்கு அப்பால், பெரு, சிலிக்கு அப்பால், ஆப்பிரிக்காவின் நமீபியா, அங்கோலாவுக்கு அப்பால். அங்கெல்லாம் குளிர் நீரோட்டம் ஓடுகிறது. ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. மேலேயோ, வெப்பமண்டலத்தில் மழையாகக் கொட்டித் தீர்த்து வறண்டுபோன காற்று மெல்லக் கீழிறங்கிக்கொண்டிருக்கிறது. இறங்கும்போதே அழுத்தம் கூடி அது வெப்பமடைகிறது. இவ்வாறு, குளிர்ந்த ஈரக் காற்றின் தலைமேல் வெப்பமான வறண்ட காற்று வந்து அமர்ந்து, கீழே உள்ளது மேலே ஏறாதபடி தடுத்துவிடுகிறது. அந்த எல்லையைக் கடக்கும் குறுகிய இடைவெளிக்குள் வெப்பநிலை பத்து டிகிரி அளவுக்குக்கூடத் தாவும். மேகம் அந்தத் தடைக்குக் கீழே, சில நூறு மீட்டர் தடிமனில், தொடுவானம் முதல் தொடுவானம் வரை விரிந்து கிடக்கும். மழையென்று சொல்லத்தக்கதாக எதுவும் பெய்யாது. கப்பலின் தளம் மட்டும் எப்போதும் ஈரமாக இருக்கும்.

இரவில் அது ஏன் தடிக்கிறது என்பதுதான் கட்டுரையில் விடுபட்ட செய்தி. எல்லாப் பொருள்களையும் போல மேகமும் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வெளிவிடுகிறது. அதற்கு மேலே இருப்பது வறண்ட காற்று என்பதால், அங்கிருந்து திரும்பி வரும் கதிர் குறைவு. ஆகவே மேகத்தின் உச்சி, அதிலும் மேலேயுள்ள சில பத்து மீட்டர் மட்டும், இடைவிடாமல் வெப்பத்தை இழந்து குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனத்துக் கீழே அமிழ, அதற்கு ஈடாகக் கடல்நீரை ஒட்டிய ஈரக் காற்று மேலே வருகிறது. அடுப்பில் வைத்த பானை கீழே சூடேறிக் கலங்குகிறது என்றால், இந்தக் காற்றடுக்கு மேலே குளிர்ந்து கலங்குகிறது. மேகத்துக்கு வேண்டிய ஈரத்தைக் கடலிலிருந்து ஏற்றிக் கொடுப்பது இந்தக் கலக்கமே. அதாவது, இந்த மேகம் தன் உச்சியைக் குளிரவைத்துக்கொண்டு, அந்தக் குளிர்ச்சியாலேயே தன்னை வளர்த்துக்கொள்கிறது. வெயிலின் உதவி அதற்குத் தேவையில்லை. டக்ளஸ் லில்லி என்ற அமெரிக்க அறிஞர் 1968-இல் இதைக் கணித வடிவில் எழுதிக்காட்டினார். இத்துறையில் இன்றும் அந்தக் கட்டுரையிலிருந்துதான் பாடம் தொடங்குகிறது.

பகலில் நடப்பது இதன் மறுபக்கம். மேகத்தின் மேல் விழும் வெயிலில் பெரும்பகுதி சிதறி மேலே திரும்பிவிட்டாலும், அகச்சிவப்பை அண்டிய அலைநீளங்களில் ஒரு பங்கை நீர்த்துளிகளும் நீராவியும் உறிஞ்சிக்கொள்கின்றன. மேகம் உள்ளுக்குள் வெப்பமடைகிறது. உச்சியின் குளிர்ச்சி பகலிலும் நிற்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் வெயிலின் வெப்பம் அதில் கணிசமான பங்கை ஈடுகட்டிவிடுவதால், கலக்கம் தளர்கிறது. தளர்ந்த கலக்கம் கடல்நீர் வரை எட்டாது. மேகம் இருக்கும் மேலடுக்கும் கடலை ஒட்டிய கீழடுக்கும் தொடர்பற்றுப் போக, ஈரம் கீழேயே தங்கிவிடுகிறது. மேலேயிருந்து வறண்ட காற்று மட்டும் சிறிது சிறிதாக மேகத்துக்குள் புகுந்துகொண்டே இருக்கிறது. ஈரம் ஏறுவது நின்று, வறட்சி இறங்குவது தொடர்வதால், மேகத்தின் அடி உயர்ந்து, தடிமன் குறைந்து, பிற்பகலில் ஆங்காங்கே கிழிந்து நீலம் தெரிகிறது. சூரியன் மறைந்ததும் உச்சியின் குளிர்ச்சி மீண்டும் தடையின்றி வேலை செய்யத் தொடங்குகிறது, அடுக்குகள் ஒன்றுசேர்கின்றன, கிழிசல்கள் மூடிக்கொள்கின்றன. இப்படித் தொடர்பு அறுந்து சேர்வதைப் பகலிரவுச் சுழற்சியோடு இணைத்து டர்ட்டன், நிக்கல்ஸ் என்ற இருவர் 1987-இல் விளக்கினார்கள்.

கட்டுரையாசிரியரின் விதி நிலத்தில் செல்லுபடியாவதற்கும் கடலில் செல்லாததற்கும் அடிப்படைக் காரணம் தண்ணீரின் சுபாவம். ஜார்ஜ்டவுன் தார்ச்சாலை பகல் ஒரு மணிக்குக் காலை வைக்க முடியாதபடி கொதிக்கிறது, இரவில் ஆறிவிடுகிறது. கடலின் மேற்பரப்போ, பகலுக்கும் இரவுக்கும் இடையே பெரும்பாலான நாள்களில் ஒரு டிகிரிகூட மாறுவதில்லை. வெயில் அதன் ஆழத்துக்குள் இறங்கிப் பரவிவிடுகிறது. காற்றும் அலையும் அதைக் கலக்கிவிடுகின்றன. ஆகவே பகலில் கடலிலிருந்து திடீரென்று நீராவி எழும்பி மேகமாகிறது என்பது படத்தில் அழகாக இருக்கலாம், நடப்பது அதுவன்று.

இரவில் தடித்த மேகத்திலிருந்து விடியலுக்கு முன்னும் பின்னும் மெல்லிய தூறல் விழும். பெருவின் தலைநகர் லீமாவில் குளிர்காலம் முழுவதும் இந்தத் தூறலைக் காணலாம். அங்குள்ளவர்கள் அதை காருவா என்பார்கள். குடை பிடிக்க வேண்டிய மழை அல்ல. ஆனால் சாலையும் சட்டையும் நனையும். இந்தத் தூறலை ஆராய்வதற்கென்றே இரவில் விமானம் பறந்த வரலாறும் உண்டு. 2001 ஜூலையில் கலிபோர்னியாவுக்கு அப்பால் நடந்த ஆய்வுப் பயணங்கள் பெரும்பாலும் இரவிலேயே நடத்தப்பட்டன. வெயிலின் குறுக்கீடு இல்லாமல் மேகத்தின் உச்சியில் நடப்பதை அளக்க வேண்டும் என்பதே நோக்கம். பிறகு 2008 அக்டோபர், நவம்பரில் சிலியின் அரிக்கா, இக்கீக்கே நகரங்களிலிருந்து விமானங்களும், கடலில் கப்பலுமாக, இன்னும் பெரிய ஆய்வு நடந்தது. பெரு, சிலிக் கடலில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. பகலில் வெயிலில் காயும் ஆண்டிஸ் மலைத்தொடரால் எழும் காற்றின் அசைவு அலையாகக் கடலை நோக்கிப் பரவி, கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில்கூட, காற்று கீழிறங்கும் வேகத்தை வேளைக்கு வேளை மாற்றுகிறது. மலையின் வெயில் கடலின் மேகத்தைத் தொடுகிறது என்பதை முதலில் படித்தபோது எனக்கு வியப்பாகவே இருந்தது.

இவ்வளவு தெளிவான சுழற்சி நெடுங்காலம் புள்ளிவிவரத்தில் சரியாகத் தெரியாமல் போனதற்கு எங்களைப் போன்ற கப்பல்காரர்களின் கண்ணும் ஒரு காரணம். நிலவில்லாத இரவில் நடுக்கடலில் மேகத்தை எப்படிப் பார்ப்பது? பிரிட்ஜில் விளக்குகளை அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருந்து, வெளித்தளத்துக்குப் போய் நட்சத்திரங்களைத் தேட வேண்டும். எந்த நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லையோ அங்கே மேகம் என்று கொள்ள வேண்டும். வானம் முழுக்க மூடியிருந்தால் சொல்லிவிடலாம். முழுக்கத் திறந்திருந்தாலும் சொல்லிவிடலாம். இடைப்பட்ட நிலையில், மெல்லிய மேகத்தின் ஊடே பெரிய நட்சத்திரங்கள் தெரிய, சின்னவை மறைய, மூன்றா ஐந்தா என்பது பார்க்கிறவரின் மனச்சாட்சிக்கு விட்ட விஷயம். தெரியாத மேகத்தை யாரும் எழுதுவதில்லை. ஆகவே இரவுக் குறிப்புகளில் மேகம் குறைவாகவே பதிவானது. அந்தக் குறிப்புகளை வைத்துத் தயாரித்த பழைய வரைபடங்களில், கடலின் பல பகுதிகளில் மேகம் நண்பகலிலோ பிற்பகல் தொடக்கத்திலோ உச்சத்தை எட்டுவதாகக் காட்டப்பட்டிருந்தது. மாணவர் பக்கக் கட்டுரையின் வாக்கியம் அப்படிப்பட்ட ஒரு பழைய நூலிலிருந்து வழிவழியாக வந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

இதை நேர்செய்த விதம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஹான், வாரன், லண்டன் ஆகிய மூவர் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், பத்தாண்டுக் காலத்து இரவுக் குறிப்புகளை எடுத்து, ஒவ்வொன்றும் எழுதப்பட்ட வேளையில் வானில் எவ்வளவு நிலவொளி இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். முழுநிலவு தொடுவானத்திலிருந்து 6 டிகிரி உயரத்தில் இருக்கும்போது கிடைக்கும் வெளிச்சமாவது இருந்தால்தான் மனிதக் கண்ணால் மேகத்தைச் சரியாக மதிப்பிட முடியும் என்று ஓர் எல்லை வகுத்து, அதற்குக் குறைந்த வெளிச்சத்தில் எழுதப்பட்ட குறிப்புகளை ஒதுக்கினார்கள். இரவுக் குறிப்புகளில் 38 விழுக்காடு அளவுக்கே தேறின. தேறியவற்றை வைத்துக் கணக்கிட்டபோது படம் மாறிவிட்டது: கடலின் பெரும்பகுதியில் மேகத்தின் உச்ச வேளை இரவு அல்லது காலை என்று வந்தது. இதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். கரையோரக் கடல்களில் நண்பகல் உச்சம் அந்தத் திருத்தத்துக்குப் பிறகும் நீடித்தது. எல்லா வகை மேகங்களையும் எல்லாக் கடல்களையும் சேர்த்து ஆண்டுச் சராசரி எடுத்தால், பகலே 0.3 விழுக்காடு கூடுதலாக இருந்தது. நிலத்தில் அந்த வேறுபாடு 3.3 விழுக்காடு. ஆகவே கடல் முழுவதற்கும் ஒரே விதி என்று நானும் எழுதவில்லை. நிலத்தின் விதியைக் கடலின் தலையில் கட்டக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

செயற்கைக்கோள் வந்த பிறகு இதெல்லாம் பழங்கதை அல்லவா என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். செயற்கைக்கோளுக்கும் இரவில் ஒரு திண்டாட்டம் உண்டு. ஹிமாவாரி செயற்கைக்கோள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நம் பகுதியைப் படமெடுக்கிறது. தொலைக்காட்சி வானிலைச் செய்தியில் ஓடும் படங்கள் அதன் தயவில் கிடைப்பவை. பகலில் வெயிலின் ஒளியில் தாழ் மேகம் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். இரவில் அகச்சிவப்புப் படமே கதி. அதில் குளிர்ந்த பொருள் வெள்ளையாகவும் வெப்பமான பொருள் கறுப்பாகவும் காட்டப்படும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு வளர்ந்த இடிமேகம் கடுங்குளிர் என்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. கடலை ஒட்டிக் கிடக்கும் தாழ் மேகமோ ஏறத்தாழ கடலின் வெப்பநிலையிலேயே இருப்பதால், கடலும் மேகமும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துவிடுகின்றன. இரவுப் படம் முடிந்து பகல் படம் தொடங்கியதும் அந்த மேகம் திடீரென்று தோன்றியதுபோல் இருக்கும். வெயிலில் மேகம் பிறக்கிறது என்ற எண்ணம் நிலைத்திருக்க இந்தத் தோற்றமும் உதவியிருக்க வேண்டும்.

இதற்கு அறிஞர்கள் கண்ட வழி, இரண்டு அகச்சிவப்பு அலைநீளங்களை ஒப்பிடுவது. சிறு நீர்த்துளிகள் ஏறத்தாழ 3.9 மைக்ரோமீட்டரில் வெளிவிடும் கதிர் 11 மைக்ரோமீட்டரில் வெளிவிடுவதைவிடச் செயல்திறன் குறைந்தது. ஆகவே ஒரே மேகம் முதல் படத்தில் சற்றுக் குளிர்ந்ததாகத் தெரியும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்த்தால் இரவிலும் தாழ் மேகம் புலப்படும். பகலில் 3.9 மைக்ரோமீட்டரில் வெயிலின் எதிரொளியும் வந்து கலந்துவிடுவதால் இந்த முறை செல்லாது. பகலுக்கு ஓர் அளவுகோல், இரவுக்கு வேறோர் அளவுகோல் என்றாகிவிடும்போது, அளவுகோலின் வேறுபாடு எது, மேகத்தின் வேறுபாடு எது என்று பிரிப்பதற்குப் பெரும் கவனம் வேண்டும். துருவங்களைச் சுற்றும் செயற்கைக்கோள்களோ ஒவ்வோர் இடத்தையும் குறித்த வேளையில்தான் கடக்கும். 1999 டிசம்பரில் ஏவப்பட்ட டெர்ரா காலை பத்தரை, இரவு பத்தரை என்றும், 2002-இல் ஏவப்பட்ட அக்வா பகல் ஒன்றரை, இரவு ஒன்றரை என்றும் அமைந்தன. உச்ச வேளையான விடியல் இரண்டுக்கும் தப்பிவிட்டது.

மேகத்தில் உள்ள நீரின் அளவை நுண்ணலையில் அளந்தால் வெளிச்சம் இருட்டு என்ற பேதமில்லை. 1997 நவம்பரில் அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து அனுப்பிய டிஆர்எம்எம் செயற்கைக்கோளின் சுற்றுப்பாதை, ஒவ்வோர் இடத்தையும் வெவ்வேறு நாளில் வெவ்வேறு வேளையில் கடக்கும்படி மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தது. அதன் நுண்ணலை அளவீடுகளைக் கொண்டு ராபர்ட் வுட், கிறிஸ்டோபர் பிரெதர்டன், டென்னிஸ் ஹார்ட்மன் ஆகியோர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், வெப்பமண்டல, துணைவெப்பமண்டலக் கடல்களின் தாழ் மேகங்களில் நீர் அதிகாலையில் உச்சத்தை எட்டுவது தெளிவாயிற்று. சராசரியிலிருந்து ஏறி இறங்கும் அளவு, இடத்தைப் பொறுத்து, 15 முதல் 35 விழுக்காடு வரை. நிலவொளிக் கணக்கால் சலித்த கப்பல் குறிப்பு, நுண்ணலை என்று இரண்டு தனித்தனி வழிகளில் வந்தவர்கள் ஒரே இடத்தில் சந்தித்த பிறகு, இதில் ஐயப்பட அதிகம் இல்லை.

இதை வெறும் பாடப்புத்தகத் திருத்தம் என்று விட்டுவிட முடியாமைக்குக் காரணம் பூமியின் வெப்பம். மேகமில்லாத கடல், உச்சி வெயிலில், தன்மேல் விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்பி அனுப்புவதில்லை. கறுத்துக் கிடந்து அத்தனையையும் விழுங்கிவிடுகிறது. தடித்த படைத்திரள் மேகம் பாதியளவுக்குத் திருப்பி அனுப்பிவிடும். மறுபுறம், அதன் உச்சி கடலைவிட அதிகம் குளிர்ந்ததல்ல என்பதால், பூமியின் வெப்பம் வெளியேறுவதை அது பெரிதாகத் தடுப்பதுமில்லை. எனவே இந்த மேகம் பூமியைக் குளிரவைக்கிறது; ஆனால் வெயில் இருக்கும்போது மட்டும். இரவு மூன்று மணிக்கு அது எவ்வளவு தடித்திருந்தாலும் அந்தக் கணக்கில் சேராது. பகல் பத்து மணிக்குப் பிறகு அது எவ்வளவு வேகமாக மெலிகிறது, எத்தனை மணிக்குக் கிழிகிறது என்பதே கடலுக்குள் இறங்கும் வெயிலின் அளவைத் தீர்மானிக்கிறது. எதிர்காலத் தட்பவெப்பத்தைக் கணிக்கும் கணினி மாதிரிகள் மேகத்தின் நாளாந்தச் சராசரியைச் சரியாகச் சொல்லிவிட்டு வேளையைத் தவறவிட்டால், வெப்பக் கணக்கே தவறிவிடும். பல மாதிரிகளில் இந்த வேளைப் பிழை இருப்பதை யின், போர்போராட்டோ ஆகியோர் 2017-இல் சுட்டிக்காட்டினார்கள். பூமி வெப்பமடையும்போது மேகம் இரவைவிடப் பகலில் அதிகமாகக் குறைவதாக, ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தார் பங்கெடுத்த 2024-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று கூறுகிறது. அப்படியானால் குளிரவைக்கும் பகல் மேகம் தேய, பயன் தராத இரவு மேகம் மிஞ்சும்.

எங்கள் தொழிலுக்கும் இதில் பங்குண்டு. கப்பலின் புகைக்கூண்டிலிருந்து வரும் கந்தகத் துகள்கள் மேகத்துக்குள் புகுந்தால், துளிகள் எண்ணிக்கையில் பெருகி, அளவில் சிறுத்து, மேகம் கூடுதலாக வெளுக்கும். கப்பல் போன தடம் செயற்கைக்கோள் படத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும். 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்ச அளவு 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 ஆகக் குறைக்கப்பட்ட பிறகு அந்தக் கோடுகள் வெகுவாகக் குறைந்தன. துறைமுகத்தில் வாழ்பவர்களின் நுரையீரலுக்கு நல்லதாகிய அந்த ஏற்பாடு மேகத்தின் வெண்மையைக் குறைத்தது என்பது கப்பல்காரர்களிடையே இன்னும் வாதத்துக்குரிய பேச்சு; நான் நுரையீரல் கட்சி.

நம் கடலுக்கு வருகிறேன். மலாக்கா நீரிணையின் நீர் ஏறத்தாழ 29, 30 டிகிரி வெப்பத்தில் இருப்பது. இங்கே பெருவின் படைத்திரள் மேகத்தை எதிர்பார்க்க முடியாது. பினாங்கின் கொடிமலை உச்சியைக் காலையில் மூடும் வெண்மை மலையேறும் காற்று குளிர்வதால் உண்டாவது. அதையும் இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனாலும் கடலுக்கும் நிலத்துக்கும் வேளை மாறும் என்ற உண்மை இங்கேயும் நிற்கிறது, வேறொரு காரணத்தால். இரவில் சுமத்ராவின் நிலமும் தீபகற்பத்தின் நிலமும் கடலைவிடக் குளிர்ந்துவிட, இரு கரைகளிலிருந்தும் நிலக்காற்று நீரிணையை நோக்கி வீசி நடுவே மோதுகிறது. மோதிய காற்று மேலெழும்ப, நள்ளிரவுக்குப் பிறகு கடலின்மேல் மேகம் திரள்கிறது. பகலில் இதே இடம் பெரும்பாலும் தெளிந்து, மேகம் முழுவதும் இரு கரைகளின் உள்நாட்டுப் பக்கம் குவிந்திருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலும் அதையொட்டிய இடைக்காலங்களிலும் இந்த இரவு மேகங்கள் நீண்ட வரிசையாகச் சேர்ந்து, விடியலுக்கு முன்பிருந்து நண்பகலுக்குள் தீபகற்பத்தின் மேற்குக் கரையையும் சிங்கப்பூரையும் தாக்குவதைத்தான் சுமத்ரா என்று மாலுமிகள் அழைக்கிறார்கள். அவற்றோடு வரும் காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தை எட்டும். அவை தாழ் மேகங்கள் அல்ல, ஓங்கி வளர்ந்த இடிமேகங்கள். ஆனால் தெலுக் பகாங்கிலிருந்து பின்னிரவில் படகை எடுப்பவருக்கு இந்த வகைப்பாடு முக்கியமில்லை, வேளைதான் முக்கியம். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து டெக் பயணியாக இந்த ஊருக்கு வந்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். தளத்தில் படுத்தவர்களை மழை எந்த வேளையில் எழுப்பியது என்று அவர்களைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆசிரியர் அவர்களிடம் எனக்கு இரண்டு விண்ணப்பங்கள். மாணவர் பக்கத்தில் அந்த வாக்கியத்துக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். மேகம் பகலில் திரண்டு இரவில் கலைவது நிலத்தின் வழக்கம் என்றும், திறந்த கடலின் தாழ் மேகங்கள் பெரும்பாலும் இரவில் தடித்து விடியலில் உச்சத்தை எட்டிப் பிற்பகலில் மெலியும் என்றும் இரண்டு வரி போதும். அடுத்தது, தங்கள் நாளிதழின் இரண்டாம் பக்க வானிலைக் கட்டம் பற்றியது. அதில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரே ஒரு மேகப் படம் அச்சாகிறது. மலேசிய வானிலைத் துறையான மெட்மலேசியா தன் அன்றாட முன்னறிவிப்பைக் காலை, பிற்பகல், இரவு என்று மூன்றாகப் பிரித்தே தருகிறது. அந்த மூன்றையும் அப்படியே தமிழில் போட்டால், பினாங்குக்கு ஒரு வரியும் பட்டர்வொர்த்துக்குக் கிழக்கே உள்ளவர்களுக்கு ஒரு வரியும் கூடுதலாகச் செலவாகும். விளம்பரத்துக்கு ஒதுக்கிய இடத்தில் ஓர் அங்குலம் குறைந்தால் அதற்கு இடம் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி,
ஜெலுத்தோங், பினாங்கு.